இண்டி ரெஸ்லிங் மேட்ச்களை விமர்சிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களின் ரெஸ்லிங் ஷோக்களைப் பார்த்து, மேட்ச் மேட்சாக எழுத ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ரிங் ஆஃப் ஹானர் நிறுவனத்தின் ஆரம்ப வருடங்களில் நடந்தவை. நான் அதிகம் பார்த்ததும், திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்தக் காலத்து ஷோக்களைத்தான்.

இண்டி என்றால் சரியாக என்ன?

நாடு முழுக்க டிவி ஒப்பந்தமும் பெரிய அரங்குகளும் இல்லாத, சொந்தக் காலில் நிற்கும் சிறு நிறுவனங்கள். பள்ளி ஜிம், சமூகக் கூடம், சின்ன ஹால் இவைதான் மேடை. வீரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பெரும்பாலும் ஷோவுக்கு இவ்வளவு என்று கூலி. நம்மில் பலர் ட்ரம்ப் கார்டு வழியாகவும் கேபிள் டிவி வழியாகவும் டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ) பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தோடு இண்டி ஷோவைப் பார்த்தால் வெளிச்சம் மங்கல், கேமரா ஆடுகிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும். அரை மணி நேரம் பொறுங்கள். அதற்குள் கண் ரிங்குக்குள் போய்விடும்.

யார் ஜெயிப்பார் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் விமர்சிக்க என்ன இருக்கிறது?

தெருக்கூத்தில் பதினெட்டாம் போர் பார்க்க உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் துரியோதனன் சாவான் என்று தெரியும். விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பது இந்த ஆட்டக்காரர் அதை எப்படிக் கட்டுகிறார் என்பதற்காக. ரெஸ்லிங்கிலும் அப்படியே. முடிவை எழுதுகிறவர் புக்கர். அந்த முடிவை நம்ப வைக்க வேண்டியது ரிங்கில் நிற்கும் இரண்டு பேர். அவர்கள் நம்ப வைத்தார்களா, எந்த வழியில், எந்த இடத்தில் தவறவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் விமர்சகரின் வேலை.

ஒரு முழு ஷோவை எப்படி அணுகுவது? மேட்ச்களைத் தனித்தனியாக மதிப்பிட்டால் போதாதா?

போதாது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அந்த கார்டில், அதாவது அன்றைய மேட்ச் வரிசையில், ஒரு வேலை உண்டு. அந்த வேலையைச் செய்ததா என்பதுதான் என் முதல் கேள்வி. இதைப் புரிந்துகொள்ள ரிங் ஆஃப் ஹானரின் முதல் ஷோவே நல்ல பாடம்.

தேதி 23 பிப்ரவரி 2002. இடம் பிலடெல்பியாவில் இருக்கும் மர்பி ரிக்ரியேஷன் சென்டர். அதே ஊரை மையமாகக் கொண்டு வளர்ந்த ஈ.சி.டபிள்யூ என்ற ரெஸ்லிங் நிறுவனம் 2001இல் மூடப்பட்டிருந்தது. அந்த ரசிகர்கள் போக்கிடம் இல்லாமல் நின்றார்கள். ரெஸ்லிங் வீடியோ டேப் விற்றுக்கொண்டிருந்த ஆர்.எஃப் வீடியோவுக்கும் விற்க ஒரு புதுச் சரக்கு வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பிறந்த ஷோ இது. புக்கர் கேப் சபோல்ஸ்கி. ஆக, அன்று நடந்த ஒவ்வொரு மேட்ச்சும் 'நாங்கள் ஈ.சி.டபிள்யூவின் நகல் இல்லை' என்று ஹாலில் இருந்தவர்களுக்கும், டேப் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரே நேரத்தில் சொல்லியாக வேண்டும்.

தொடக்கத்தில் தன்பாலீர்ப்பாளர்களைக் கேலிச்சித்திரமாக்கிய ஒரு ஜோடியை, டா ஹிட் ஸ்குவாட் என்ற இரண்டு மலைபோன்ற ஆட்கள் அடித்துத் துவைக்கிறார்கள். 'கோமாளித்தனத்துக்கு இங்கே இடமில்லை' என்று அறிவிப்பதுதான் நோக்கம். நோக்கம் புரிகிறது, ஆனாலும் அதற்குத் தேர்ந்தெடுத்த வழி அசிங்கமானது. 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி இதைக் கடந்துபோக நான் தயாராக இல்லை. ஒரு கூட்டத்தை இழிவுபடுத்தி வாங்கிய கைதட்டலை விமர்சகர் பாராட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஜே பிரிஸ்கோவும் அமேசிங் ரெட்டும் மோதிய மேட்ச்சின் வேலை வேறு. ஜேவுக்கு 18 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தம்பி மார்க்குக்கு 17. பென்சில்வேனியா மாநில விதிப்படி அவர் சண்டை போட முடியாது, அதனால் ரிங்குக்கு வெளியே அண்ணனுக்குத் துணையாக நிற்கிறார். பின்னாளில் இந்தச் சகோதரர்கள் ரிங் ஆஃப் ஹானர் டேக் டீம் (ஜோடி) பட்டத்தை 13 முறை வாங்கினார்கள். 2023இல் ஜே கார் விபத்தில் இறந்துபோனார். இதெல்லாம் தெரிந்துகொண்டு இன்று பார்க்கிறவருக்கு நெஞ்சு கனக்கத்தான் செய்யும். ஆனால் மேட்ச்சை எழுதும்போது அன்று அந்த ஹாலில் நின்ற பெயர் தெரியாத பையனாகத்தான் அவரைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் மேட்ச் நிற்கிறது, ஏனென்றால் 'இங்கே சின்னப் பையன்களும் வேகமாக, வித்தியாசமாக ஆடுவார்கள்' என்று அது காட்டிவிடுகிறது.

கூட்டத்தை இழுக்கும் பெயர் எடி குரேரோ. 2001 நவம்பரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. இங்கே சூப்பர் கிரேசியோடு மோதினார். ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி பெரிய மேடைக்கே போய்விட்டார். போஸ்டரில் பெரிய எழுத்தில் போடுவதற்கு ஒரு மேட்ச் வேண்டும். அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெயின் ஈவண்ட்டை, அதாவது கடைசியாக வரும் முக்கிய மேட்ச்சை, விழுங்கிவிடக் கூடாது. எடியை மெயின் ஈவண்ட்டில் வைக்காததுதான் அன்றைய இரவின் துணிச்சலான முடிவு என்று நினைக்கிறேன்.

அந்த இடத்தை லோ கீ, பிரையன் டேனியல்சன், கிறிஸ்டோபர் டேனியல்ஸ் மூவருக்கும் கொடுத்தார்கள். மூன்று பேர் மேட்ச்சில் எப்போதும் ஒரு தலைவலி உண்டு. இரண்டு பேர் ஆடும்போது மூன்றாவது ஆள் என்ன செய்வது? சோம்பேறித்தனமான மேட்ச்சில் அவர் காரணமே இல்லாமல் வெளியே படுத்துக்கிடப்பார். இங்கே லோ கீயின் உதைகள் அந்தக் காரணத்தைக் கொடுத்தன. அந்தச் சத்தத்தோடு நெஞ்சில் ஓர் உதை வாங்கியவர் ஒரு நிமிடம் எழுந்திருக்காவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லோ கீ ஜெயித்தார். மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும் என்பது அந்த நிறுவனம் வைத்த மரியாதை விதி. டேனியல்ஸ் கைகொடுக்க மறுத்துவிட்டார். முதல் இரவிலேயே விதியையும் சொல்லி, அதை மீறும் வில்லனையும் உருவாக்கியாயிற்று. அடுத்த ஷோவுக்கு ரசிகர்கள் வருவதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. மார்ச் 30 அன்று இதே மூவரும் ஒருவரோடு ஒருவர் தனித்தனியாக மோதினார்கள்.

இப்படி கார்டை முழுசாகப் பார்க்கும்போதுதான், தனியாக எடுத்தால் சுமாரான ஒரு மேட்ச் ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று புரியும்.

ஒரு மேட்ச்சில் நான் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

அடி வாங்குகிறவரை. புதிதாக எழுதுகிறவர்கள் அடிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலியைக் காட்டுவதைத்தான் ரெஸ்லிங் வட்டாரத்தில் செல்லிங் என்கிறார்கள். ஒரு மேட்ச்சின் கதை முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

16 செப்டம்பர் 2006 அன்று நியூயார்க்கில் டேனியல்சனும் ஜப்பானின் கென்டாவும் மோதினார்கள். டேனியல்சன் அப்போது சாம்பியன். சில வாரங்களுக்கு முன் நடந்த மேட்ச் ஒன்றில் அவருடைய தோள் நிஜமாகவே காயப்பட்டிருந்தது, ரசிகர்களுக்கும் அது தெரியும். கென்டா அந்தத் தோளையே குறிவைத்தார். இப்போது உங்கள் நோட்டில் இதையெல்லாம் குறியுங்கள்: அடிபட்ட கையை டேனியல்சன் எப்போது பயன்படுத்துகிறார், எப்போது தவிர்க்கிறார், அந்தக் கையால் ஒரு பிடி போட்ட பிறகு முகம் என்ன ஆகிறது, பிடியை நழுவவிட அது காரணமாகிறதா. தோளை மறந்துவிட்டு இருபதாவது நிமிடத்தில் அதே கையால் ஆளைத் தூக்கி எறிந்தால், அதுவரை நடந்த எதற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும். டேனியல்சன் மறக்கவில்லை. அந்த மேட்ச்சைப் பற்றி இன்றும் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

ஒரு மணி நேர மேட்ச் போரடிக்கிறது என்று எழுதலாமா?

தாராளமாக. ஆனால் எந்த இடத்தில், ஏன் போரடித்தது என்றும் எழுதுங்கள்.

சமோவா ஜோவும் சி.எம். பங்கும் 2004இல் மூன்று முறை சாம்பியன் பட்டத்துக்காக மோதினார்கள். ஜூன் 12, ஒஹாயோவின் டேட்டன் நகரில் 60 நிமிட டிரா. அக்டோபர் 16, பங்கின் சொந்த மண்ணான சிகாகோ பக்கம், சிகாகோ ரிட்ஜில் மறுபடி 60 நிமிட டிரா. டிசம்பர் 4, நியூஜெர்சியில் நேரக் கட்டுப்பாடே இல்லாத மேட்ச், ஜோ ஜெயித்தார்.

இந்த மேட்ச்களில் பங்க் போடும் ஹெட்லாக்கைப் பார்த்துவிட்டு 'சும்மா நேரம் கடத்துகிறார்கள்' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜோ கனமான ஆள், அடியும் உதையும் பலமாக விழும். பங்க் அவரைவிட மெலிந்தவர். அடிக்கு அடி என்று இறங்கினால் பங்க் பத்து நிமிடம் தாங்க மாட்டார். ஆகவே தலையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு தரையிலேயே வைத்திருப்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே வழி. ஜோ தள்ளிவிடுகிறார், பங்க் திரும்ப வந்து அதே பிடி. ஜோ எழுகிறார், மறுபடி அதே பிடி. இப்படிக் கொஞ்ச நேரம் போனதும் கூட்டம் அந்தப் பிடியையே ஒரு பாத்திரம்போலப் பார்க்கத் தொடங்குகிறது. பிடி விழும்போது ஆரவாரம், அதை ஜோ உடைக்கும்போது பதற்றம். ஒன்றுமில்லாத ஓர் அடிப்படைப் பிடிக்கு இவ்வளவு மதிப்பு ஏற்றிய மேட்ச்கள் மிகக் குறைவு.

எனக்கு இதில் ஒரு குறையும் உண்டு. ஒருமுறை 60 நிமிடம் போய் டிரா ஆன பிறகு, இரண்டாவது மேட்ச்சில் நாற்பது நிமிடம் தாண்டியதும் விவரம் தெரிந்த ரசிகருக்கு அதுவும் டிராவில்தான் முடியும் என்ற சந்தேகம் வந்துவிடும். அதற்கு மேல் வரும் நியர் ஃபால்கள், அதாவது மூன்று எண்ணும் முன் மயிரிழையில் தப்புவது, பாதி வலுவை இழக்கின்றன. சொந்த ஊர்க்காரர் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற சிகாகோ கூட்டத்தின் வெறிதான் அந்தச் சந்தேகத்தை அமுக்கிவைத்தது. வேறு ஊரில் நடந்திருந்தால் கடைசி கால் மணி நேரம் இவ்வளவு நன்றாக நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

இன்னொன்று. ஜோ 22 மார்ச் 2003 முதல் 26 டிசம்பர் 2004 வரை, 645 நாள் சாம்பியனாக இருந்தார். பங்கை வென்ற மூன்றே வாரத்தில் ஆஸ்டின் ஏரிஸிடம் தோற்றார். மூன்று மேட்ச்சில் பங்கால் முடியாததை இன்னொருவர் ஒரே இரவில் செய்துவிட்டார் என்பதால் ஏரிஸின் உயரம் கூடியது. இரண்டு டிராக்களின் அந்த 120 நிமிடத்தின் பலன் ஏரிஸுக்கும் போய்ச் சேர்ந்தது. மேட்ச்சை விமர்சிக்கும்போது இதையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் இது பின்னால் கிடைத்த பலன் என்று சொல்லித் தனியாக எழுதுங்கள்.

பறந்து பறந்து அடிக்கும் மேட்ச்களில் கதை இருக்காது என்கிறார்களே?

சிலவற்றில் இருக்காது. ஆனால் வேகத்தைப் பார்த்ததுமே அந்த முத்திரையைக் குத்தாதீர்கள்.

31 மார்ச் 2006, அதே சிகாகோ ரிட்ஜ். டபிள்யூ.டபிள்யூ.இயின் பெரிய ஆண்டு ஷோவான ரெசில்மேனியா 22 இரண்டு நாள் கழித்து சிகாகோ பக்கம் நடக்க இருந்ததால் ஊரே ரெஸ்லிங் ரசிகர்களால் நிறைந்திருந்தது. ஜப்பானின் டிராகன் கேட் நிறுவனத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஒரு பக்கம் டிராகன் கிட், கெங்கி ஹொரிகுச்சி, ரியோ சைட்டோ. எதிர்ப்பக்கம் சீமா, நாருக்கி டோய், மசாட்டோ யோஷினோ. நிறைய பேருக்கு இவர்களின் முகமே புதிது.

ஆறு பேரும் ஒரே மாதிரி பறந்தால் பார்க்கிறவனுக்கு யார் யாரென்றே தெரியாது. இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் இருந்தது. யோஷினோவிடம் கண் பின்தொடர முடியாத ஓட்டம். டிராகன் கிட் எல்லோரையும்விடக் குட்டை, அவர் அகப்பட்டால் கூட்டம் துடிக்கிறது. சீமா திமிர் பிடித்த தலைவன். வில்லன் அணி ஒருவரைத் தனிமைப்படுத்தி மாட்டவைக்கிறது, அவர் தப்பித்துக் கூட்டாளியிடம் கை கொடுக்கிறார், அங்கிருந்து வேகம் ஏறுகிறது. டேக் டீம் மேட்ச்சின் ஆதிகால இலக்கணம்தான், அதை இரண்டு மடங்கு வேகத்தில் எழுதியிருந்தார்கள். கதை இல்லை என்று சொல்கிறவர்கள் வேகத்தைக் கண்டு மிரண்டு இலக்கணத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்.

கூட்டம் கத்தினால் மேட்ச் நல்ல மேட்ச்தானா?

எப்போதும் இல்லை. எதற்காகக் கத்துகிறார்கள் என்று பாருங்கள். நாற்காலியால் மண்டையில் அடித்தாலும் கத்துவார்கள்.

கூட்டத்தை மேட்ச்சின் உள்ளேயே சேர்த்துக்கொண்டதற்கு 1 அக்டோபர் 2005 நியூயார்க் மேட்ச்தான் என் உதாரணம். சமோவா ஜோவும் கென்டா கோபாஷியும் (மேலே சொன்ன கென்டா வேறு ஆள்). கோபாஷிக்கு 38 வயது. ஜப்பானின் நோவா நிறுவனத்தில் இரண்டு வருடம் சாம்பியனாக இருந்தவர். டேப்பில் மட்டுமே பார்த்த மனிதரை நேரில் பார்க்கும் கூட்டம் அது. இருவரும் அதைப் புரிந்துகொண்டு அவசரப்படாமல் நின்றார்கள். கோபாஷி உள்ளங்கையை விரித்து ஜோவின் நெஞ்சில் சாப் அடிக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் எழுப்பும் ஒலி, ஜோ பதிலுக்கு அடித்ததும் எழும் ஒலி, அது அடங்கும் வரை இருவரும் காத்திருப்பது எல்லாமே மேட்ச்சின் பகுதி. ஜோவின் நெஞ்சு சிவந்துகொண்டே போகிறது. மூலையில் வைத்து கோபாஷி இடைவிடாமல் சாப் பொழியும்போது ஹால் அதிர்கிறது. ஜோ தோற்றார், ஆனாலும் அந்தத் தோல்வியில் ஒரு படி மேலே ஏறினார். இதையே வெறும் ஹாலில் வைத்திருந்தால் இரண்டு பேர் மாற்றி மாற்றி அறைந்துகொண்டதாகத்தான் தோன்றும்.

பெண்கள் மேட்ச்சுக்கு வேறு அளவுகோலா?

கிடையாது. 2005இல் டேவ் பிரசாக் தொடங்கிய ஷிம்மர் என்ற பெண்கள் நிறுவனத்தின் முதல் ஷோவைப் பாருங்கள். அதே வலி, அதே தர்க்கம், அதே கேள்விகள். 'பெண்களாக இருந்தும் நன்றாக ஆடினார்கள்' என்று எழுதும் கை முதலில் நிற்க வேண்டும்.

நட்சத்திரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். டேவ் மெல்ட்சர் தன் ரெஸ்லிங் அப்சர்வர் செய்தி இதழில் கொடுக்கும் நட்சத்திரங்கள்தான் உலகம் முழுக்கப் பேசப்படுகின்றன. சிகாகோ ரிட்ஜ் ஜோ–பங்க் மேட்ச், ஜோ–கோபாஷி, அந்த ஆறு பேர் மேட்ச் மூன்றுக்கும் அவர் ஐந்து கொடுத்தார். 2017இல் ஜப்பானில் நடந்த ஒகாடா–ஒமேகா மேட்ச்சுக்கு, வழக்கமான உச்சமான ஐந்தையும் தாண்டி ஆறு கொடுத்தார். அதன் பிறகு 'ஐந்து' என்பதற்கு என்ன அர்த்தம் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தைக் கடைசியில் போடுங்கள், காரணத்தை முதலில் எழுதுங்கள். காரணம் இல்லாத நான்கேகாலால் படிக்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஒரு மூவ் சொதப்பினால் மதிப்பெண் குறைக்க வேண்டுமா?

சொதப்பலுக்கு அடுத்த பத்து விநாடியைப் பாருங்கள். கால் வழுக்கியவர் அதையே பலவீனமாகக் காட்டி, எதிராளி அதைப் பயன்படுத்திக்கொண்டால் குறைக்கத் தேவையில்லை. ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து அதே மூவை மறுபடி செய்தால் மேட்ச் அங்கேயே உடைந்துவிடும், குறையுங்கள். புதுப் பையன், கார்டில் இரண்டாவது மேட்ச் என்றால் என்ன தவறு என்று சொல்லுங்கள், ஆளைக் கேலி செய்யாதீர்கள். அடுத்த ஊருக்கு இரவோடு இரவாகக் கார் ஓட்டிப் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

நிஜமாகவே அடிபட்டுக்கொள்ளும் மேட்ச்களை எப்படி மதிப்பிடுவது?

இதில் எனக்கு உறுதியான நிலைப்பாடு உண்டு. தலைக்கு நிஜமாக விழும் அடிக்கு நான் பாராட்டு எழுத மாட்டேன்.

12 ஆகஸ்ட் 2006 அன்று லிவர்பூலில் டேனியல்சனும் இங்கிலாந்துக்காரரான நைஜல் மெக்கின்னஸும் மோதினார்கள். வெளியே நின்ற நைஜலின் இரண்டு கைகளையும் இரும்புக் கம்பத்துக்கு இருபுறமும் பிடித்து டேனியல்சன் இழுக்க, நைஜலின் நெற்றி நேராகக் கம்பத்தில் மோதியது. ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. ரத்தம் வந்தது, அது நிஜம். மேட்ச்சின் மற்றப் பகுதிகள் அற்புதம்: பிடிகளின் நேர்த்தி, சொந்த நாட்டுக் கூட்டத்தின் ஏக்கம், இருவரின் பொறுமை. அதனாலேயே அந்தக் காட்சி எனக்கு இன்னும் கசக்கிறது, ஏனென்றால் அது இல்லாமலேயே மேட்ச் அந்த உயரத்தைத் தொட்டிருக்கும். அடுத்த வருடம் ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கில் ஜப்பானின் மொரிஷிமாவோடு மோதியபோது டேனியல்சனுக்குக் கண்ணில் மோசமான காயம், அவர் நிறுத்தாமல் ஆடி முடித்தார். அவருடைய மன உறுதியை வியந்து எழுதினோம், நடுவர் அந்த மேட்ச்சை நிறுத்தியிருக்க வேண்டும் என்று எழுதியவர்கள் குறைவு. 2009 ஜூனில் ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா ஹிரோஷிமாவில் ரிங்கிலேயே விழுந்து அன்றிரவே இறந்துபோனார். கழுத்தில் பல வருடம் வாங்கிய அடிகள் கூடிக்கொண்டே வந்த உடல் அது. அந்தக் காலத்து மேட்ச்களில் ஒவ்வொரு முறை கழுத்தில் விழும்போதும் நாம் நட்சத்திரம் ஏற்றினோம்.

ஆகவே நான் செய்வது இதுதான். ஆபத்தான ஒரு மூவ் வந்தால், அதை எடுத்துவிட்டால் கதை குறையுமா என்று கேட்பேன். குறையாது என்றால், அது தேவையற்றது என்று பெயர் சொல்லி எழுதுவேன். வீரர்களும் புக்கர்களும் விமர்சனங்களைப் படிக்கிறார்கள். எதற்குக் கைதட்டு விழுகிறதோ அதையே அடுத்த ஊரிலும் செய்வார்கள்.

ஷோவை நேரில் பார்க்காமல் வீடியோவில் பார்த்து எழுதலாமா?

எழுதலாம். ஆரம்பத்தில் ரிங் ஆஃப் ஹானர் பிழைத்ததே டேப்பும் டிவிடியும் விற்றுத்தான், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவரை மனதில் வைத்துக் கட்டிய ஷோக்கள் அவை. ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் தடவை வர்ணனையோடு பாருங்கள், பிடித்த மேட்ச்சை இரண்டாம் தடவை வர்ணனையாளர் பேச்சைக் காதில் வாங்காமல் பாருங்கள். அவர் சொல்லித்தான் கதை புரிந்ததா, இல்லை ரிங்கில் இருப்பவர்களே சொன்னார்களா என்று அப்போது தெரிந்துவிடும்.

முடிவை விமர்சனத்தில் சொல்லிவிடலாமா?

பழைய ஷோ என்றால் சொல்லலாம். புதிய ஷோ என்றால், முடிவு வரும் பத்திக்கு முன் ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள். ஃபினிஷை, அதாவது மேட்ச் முடியும் விதத்தை, தொடாமல் மேட்ச்சை விமர்சிக்க முடியாது.